எது வரை படித்தோம்?

இணையத்தில் எந்தக் கருத்துக்களத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது திரிகளின் பட்டியல்தான். சில தலைப்புகள் தடித்த எழுத்தில் நிற்கும், சில சாதாரண எழுத்தில் மங்கிக் கிடக்கும். தடித்தவை நாம் இன்னும் படிக்காதவை, மங்கியவை படித்து முடித்தவை என்பது யாரும் சொல்லித் தராமலே புரிந்துவிடுகிறது. அப்படிப் புரிந்துவிடுவதாலேயே அதை யாரும் நின்று யோசித்துப் பார்ப்பதும் இல்லை. ஒருவர் எதைப் படித்தார், எதைப் படிக்கவில்லை என்பது ஓர் இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? உண்மையில் அதற்குத் தெரியாது, ஊகிக்கிறது. எதை வைத்து ஊகிக்கிறது, ஊகம் தப்பினால் நட்டம் யாருக்கு, அந்த ஊகத்தை வேறு யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்ற கேள்விகளை நிரலாளர்கள் மட்டுமே பேசிவந்திருக்கிறார்கள். களத்தில் எழுதாமல் படிக்க மட்டும் வருபவர்கள்தான் எப்போதும் பெரும்பான்மை. அவர்களை ஒரு களம் எப்படி நடத்துகிறது என்பது இந்தக் கேள்விகளுக்கான பதிலில்தான் இருக்கிறது. அதனால் இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

முதலில் சிக்கலின் அளவைப் பார்க்கலாம். 20,000 உறுப்பினர்களும் 50,000 திரிகளும் உள்ள ஒரு களத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒவ்வொரு திரிக்கும் 'படித்தார்' அல்லது 'படிக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிவைத்தால் 100 கோடி வரிகள் சேரும். இது திரி அளவிலான கணக்கு மட்டுமே. ஒவ்வொரு திரிக்குள்ளும் இருக்கும் பத்து, நூறு, ஆயிரம் பதிவுகளைத் தனித்தனியாகக் கணக்கில் எடுத்தால் எண்ணிக்கை எங்கோ போய்விடும். ஒருவர் முகப்புப் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சர்வர் இதைப் புரட்டி ஒரு நொடிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே முழுக் கணக்கை எந்தக் களமும் வைப்பதில்லை. எல்லாமே சுருக்குகின்றன, சுருக்கும்போது எதையோ விட்டுவிடுகின்றன. எதை விடலாம் என்பதில்தான் என் வாதம் இருக்கிறது. படித்தது, படிக்காதது என்று காட்டும் இந்தக் குறி, புத்தகத்துக்குள் நாம் செருகிவைக்கும் காகிதத் துண்டைப் போன்றது. அது படிப்பவருடைய ஞாபகத்துக்குத் துணை, வேறு யாருக்கும் அதில் வேலை இல்லை. அப்படியானால் தவறுகளையும் அவர் பக்கத்திலிருந்தே எடைபோட வேண்டும். படித்த பதிவைப் படிக்காதது என்று காட்டினால் அவருக்குச் சில விநாடிகள் வீண். படிக்காததைப் படித்தது என்று காட்டினால் அந்தப் பதிவு அவர் பார்வையிலிருந்தே போய்விடுகிறது, போனது என்பதுகூட அவருக்குத் தெரிய வழியில்லை. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் பல மென்பொருள்கள் வைத்தன.

இதைச் சரியாகச் செய்து காட்டியது மிகப் பழைய ஏற்பாடு ஒன்று. 1979இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யூஸ்நெட்டைத் திட்டமிட்டார்கள். அருகிலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் அதற்கான முதல் நிரலை எழுதினார். 1980இல் வெளியுலகுக்கு வந்த அந்த வலையமைப்பு, வெப் என்ற ஒன்று பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பே கணினிகளுக்கிடையே விவாதங்களைச் சுமந்து சென்றது. தமிழர்கள் கூடிப் பேசிய 'சாக் டாட் கல்ச்சர் டாட் தமிழ்' குழுவும் பின்னாளில் அதில்தான் இயங்கியது. யூஸ்நெட்டில் ஒவ்வொரு குழுவுக்கும் வரும் கட்டுரைகளுக்கு சர்வர் 1, 2, 3 என்று வரிசை எண் கொடுக்கும். படிப்பவரின் சொந்தக் கோப்பகத்தில் 'நியூஸ்ஆர்சி' என்றொரு சிறிய எழுத்துக்கோப்பு இருக்கும். அதில் குழுவுக்கு ஒரு வரி. குழுவின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, பிறகு எண்கள்: 1-4210, 4215, 4220-4231. முதல் 4,210 கட்டுரைகளும் முடிந்தன, 4,211 முதல் 4,214 வரை பாக்கி, 4,215 ஆயிற்று, 4,216 முதல் 4,219 வரை மறுபடி பாக்கி என்று பொருள். மக்கள் பெரும்பாலும் வரிசையாகவே படிப்பதால் இடைவெளிகள் நிரம்ப நிரம்ப எண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வரி தானாகவே சுருங்கிவிடும். ஆயிரக்கணக்கான கட்டுரைகளின் கணக்கு சில டஜன் எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். அதுவும் கட்டுரை கட்டுரையாக, ஒன்றைக்கூட விடாத துல்லியமான கணக்கு.

இந்தச் சின்னக் கோப்பின் அழகு அதன் சிக்கனத்தோடு முடியவில்லை. லாரி வால் 1984இல் வெளியிட்ட 'ஆர்என்' போன்ற படிப்பான்கள் இந்தக் கோப்பை வைத்தே இயங்கின. பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவர் அவரே. ஒரு குழு சலித்துப்போய் அதிலிருந்து விலகினால், முக்காற்புள்ளி இருந்த இடத்தில் ஓர் ஆச்சரியக்குறி வந்து உட்காரும். எண்கள் அழியாது. பல மாதம் கழித்துத் திரும்பி வந்தாலும் விட்ட இடம் அங்கேயே இருக்கும். கோப்பு வெறும் எழுத்து என்பதால் யாரும் அதைத் திறந்து கையால் திருத்தலாம், 4,100க்குப் பிறகு எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டுமென்றால் எண்ணை மாற்றினால் போதும். அந்த எண்கள் படிப்பவரின் இடத்தில், படிப்பவரின் பெயரில், படிப்பவரால் திருத்தக்கூடியவையாக இருந்தன. குறையும் இருந்தது. வரிசை எண்ணை ஒவ்வொரு சர்வரும் தன்போக்கில் கொடுத்ததால், கல்லூரியை விட்டு வேலைக்குப் போய் வேறு சர்வருக்கு மாறியவருக்குப் பழைய எண்கள் செல்லாக்காசாகிவிட்டன. இந்தக் குறைக்குப் பின்னால் வருகிறேன்.

வெப் வந்தபோதும் ஒரு நல்ல தொடக்கம் இருந்தது. சொடுக்கிய இணைப்பு நீலத்திலிருந்து ஊதாவாக மாறியது. அதுவும் 'இங்கே போயிருக்கிறாய்' என்று படிப்பவருக்குச் சொல்லும் குறிதான், அவருடைய உலாவியின் வரலாற்றிலேயே தங்கிய குறி. ஆனால் கருத்துக்களத்துக்கு அது போதவில்லை. ஒரு திரியின் முகவரி நேற்றும் இன்றும் ஒன்றே, அதற்குள் புதிதாகப் பத்துப் பதில்கள் வந்திருப்பதை நிறத்தால் காட்ட முடியாது. அடுத்தடுத்த கோரிக்கைகள் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன என்பதுகூட வெப் சர்வருக்குத் தானாகத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப்பில் லூ மொன்டுலி உருவாக்கிய 'குக்கி' அந்த இடைவெளியை அடைத்தது. குக்கி மிகச் சிறியது, உலாவிகள் ஒன்றுக்கு ஏறத்தாழ 4,096 பைட்டுதான் இடம் தருகின்றன. அதற்குள் எல்லாத் திரிகளின் கணக்கையும் அடைக்க முடியாது என்பதால், களங்கள் மிக மலிவான வழியைப் பிடித்தன. 'கடைசியாக எப்போது வந்தார்?' என்ற ஒரே ஒரு நேரத்தை வைத்துக்கொண்டன. அதற்குப் பிறகு வந்தவை புதியவை, அதற்கு முன் வந்தவை பழையவை.

இதில் மறைந்திருந்த அநியாயத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஒருவர் வருகிறார், 40 திரிகள் தடித்த எழுத்தில் நிற்கின்றன. மூன்றைப் படிக்கிறார். சாப்பிடக் கூப்பிடுகிறார்கள், எழுந்து போகிறார். ஒன்பதரைக்குத் திரும்பி வந்து பக்கத்தைத் திறக்கிறார். இதற்குள் அவருடைய பழைய அமர்வு காலாவதியாகிவிட்டது. சில மென்பொருள்களில் கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் போதும், சிலவற்றில் ஒரு மணி நேரம். களத்தின் கணக்கில் எட்டு மணி வருகை 'கடைசி வருகை' ஆகிவிட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட 37 திரிகளும் ஒரே நொடியில் 'படித்தவை' ஆகிவிட்டன. அவர் அவற்றின் தலைப்பைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வந்துபோனதை வைத்துப் படித்துவிட்டார் என்று முடிவுகட்டிய இந்த ஏற்பாடு ஏராளமான களங்களில் நெடுங்காலம் இருந்தது. வி-புல்லட்டின் என்ற களமென்பொருள் பின்னாளில் தரவுத்தள வழியையும் ஒரு தேர்வாகக் கொடுத்தது. ஆனாலும் பழைய குக்கி வழியும் அமைப்புகளில் தொடர்ந்தது, சர்வருக்குச் சுமை குறைவு என்பதற்காக. சர்வரின் சௌகரியத்துக்குப் படிப்பவரின் 37 திரிகள் விலையாகப் போயின. அதே காலத்திய களமென்பொருளான பிஎச்பி-பிபியின் இரண்டாம் பதிப்பில் இன்னொரு சிறு ஏற்பாடு இருந்தது. அமர்வுக்குள் திறந்த திரிகளைக் குக்கியில் குறித்துவைக்கும், 150 ஆனதும் இருப்பதிலேயே பழையதை மறந்துவிடும். மறந்தால் அந்தத் திரி மறுபடி புதிதாகத் தெரியும். இரண்டுமே இடப் பற்றாக்குறையால் வந்த தவறுகள்தான். ஆனால் 150ஐத் தாண்டியதால் வரும் தவறு படிப்பவருக்கு ஒரு சொடுக்கை மட்டும் அதிகமாக்குகிறது, கடைசி வருகையால் வரும் தவறு அவருடைய வாசிப்பையே பறிக்கிறது.

2007 டிசம்பரில் வெளியான பிஎச்பி-பிபி மூன்றாம் பதிப்பு இதை எடுத்துச் சரிசெய்த விதம், களமென்பொருள் வரலாற்றில் மனம்விட்டுப் பாராட்ட வேண்டிய ஒன்று. 100 கோடி வரிகளும் வேண்டாம், ஒற்றை நேரமும் வேண்டாம் என்று அது மூன்று அடுக்குக் கோடுகளைப் போட்டது. உறுப்பினருக்கு ஒரு கோடு, பிரிவுக்கு ஒரு கோடு, திரிக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கோடும் ஒரு நேரம் மட்டுமே, 'இதுவரை வந்ததெல்லாம் ஆயிற்று' என்று சொல்லும் நேரம். ஜனவரி 1 அன்று ஒருவர் சேர்ந்தால் அவருடைய முதல் கோடு அன்றைய தேதியில் விழும். அதனால்தான் புதிதாகச் சேர்ந்தவர்மீது பத்தாண்டுப் பழைய திரிகள் 'படிக்காதவை' என்று வந்து கொட்டுவதில்லை. ஜனவரி 10 அன்று சமையல் பிரிவில் எல்லாவற்றையும் முடித்தால் அந்தப் பிரிவின் கோடு 10ஆம் தேதிக்கு நகரும். 12ஆம் தேதி அந்தப் பிரிவில் ஒரு புதுத் திரியை மட்டும் படித்தால் அந்தத் திரிக்கு மட்டும் ஒரு வரி எழுதப்படும். ஒரு திரி புதியதா என்று கேட்டால் மென்பொருள் முதலில் திரியின் கோட்டைத் தேடும், இல்லையென்றால் பிரிவின் கோடு, அதுவும் இல்லையென்றால் உறுப்பினரின் கோடு. திரியின் கடைசிப் பதிவு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் தடித்த எழுத்து. பிரிவில் பாக்கி எதுவும் இல்லை என்றானவுடன் பிரிவின் கோட்டை முன்னே நகர்த்திவிட்டு, கீழே சேர்ந்திருந்த திரி வரிகளை எல்லாம் அழித்துவிடும். ஒழுங்காகப் படிக்கும் ஒருவருக்குப் பிரிவுக்கு ஒன்று என்ற கணக்கில் சில வரிகளே மிஞ்சும். நியூஸ்ஆர்சியில் இடைவெளி நிரம்ப நிரம்ப எண்கள் ஒன்றுசேர்ந்ததே, அதே அறிவுதான் இங்கே தரவுத்தளத்தில் வேலை செய்கிறது. சாப்பிடப் போனவரின் 37 திரிகளும் அவர் வரும்வரை, ஒரு வாரமானாலும், தடித்தே நிற்கும்.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. திரிக்கு ஒரே ஒரு நேரம் என்பதால், 30 பக்கம் ஓடிய திரியில் ஒருவர் நேரே கடைசிப் பக்கத்துக்குத் தாவினால் இடையிலிருந்த எல்லாமே படித்ததாகிவிடும். கோடு முன்னே மட்டுமே போகும், நடுவில் ஓர் இடைவெளியை அதனால் நினைவில் வைக்க முடியாது. நேரத்துக்குப் பதில் பதிவின் எண்ணைக் குறித்துவைக்கும் எஸ்எம்எஃப் போன்ற மென்பொருள்களுக்கும் இதே கதிதான், எண்ணும் ஒரு கோடுதான். மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்காக இரண்டு நாள் காத்திருந்த ஒரு பதிவு, எழுதிய நேரத்தையே தாங்கியபடி வெளியே வந்தால் அது கோட்டுக்குப் பின்னாலேயே பிறக்கிறது, யாருக்கும் புதிதாகத் தெரியாது. ஸென்ஃபோரோ என்ற களமென்பொருள் தன் இயல்பு அமைப்பில் 30 நாள்களுக்கு மேற்பட்டதை எல்லாம் படித்ததாகவே கொள்கிறது. ஒன்றரை மாதம் உடம்பு சரியில்லாமல் இருந்து திரும்புகிறவருக்கு இது சின்ன இழப்பு அல்ல. சர்வர் நடத்துபவரின் செலவையும் நான் மறக்கவில்லை. ஆனால் இங்கே சேமிக்கப்படுவது உறுப்பினருக்குச் சில நூறு வரிகள்தான். அந்த வரிகள் விலை உயர்ந்தவையாக இருந்த காலம் போய்விட்டது, வரம்பு மட்டும் பழக்கத்தால் நீடிக்கிறது.

அடுத்த பெரிய மாற்றம் 2013இல் வந்தது. ஜெஃப் ஆட்வுட், ராபின் வார்ட், சாம் சாஃப்ரன் மூவரும் தொடங்கிய டிஸ்கோர்ஸ் என்ற களமென்பொருள், பக்கங்களையே ஒழித்துவிட்டு ஸ்க்ரோல் செய்யச் செய்யப் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பக்கம் இல்லையென்றால் பக்கத்தைத் திறந்ததை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. எனவே உலாவிக்குள் ஓடும் நிரலே, எந்தப் பதிவு திரையில் எத்தனை மில்லிவிநாடி தெரிந்தது என்று எண்ணி அவ்வப்போது சர்வருக்கு அனுப்புகிறது. படிக்காத பதிவின் ஓரத்தில் ஒரு நீலப் புள்ளி இருக்கும், அந்தப் பதிவு திரையில் சற்று நேரம் நின்றதும் புள்ளி மெல்ல மறையும். 3 நிமிடம் ஸ்க்ரோல் இல்லையென்றால் ஆள் எழுந்து போய்விட்டார் என்று எண்ணுவதை நிறுத்திவிடும், ஒரே பதிவுக்கு 6 நிமிடத்துக்கு மேல் கணக்கு வைக்காது. முன்பிருந்த எல்லா ஊகங்களையும்விட இது கூர்மையானது. சாப்பிடப் போனவரை இது சரியாகவே பிடித்துவிடுகிறது. ஆனாலும் திரையில் தெரிந்தது என்பதற்கும் படித்தார் என்பதற்கும் நடுவே உள்ள தூரம் அப்படியேதான் இருக்கிறது. ஒருவர் தேடலுக்காக வேகமாகக் கீழே இறங்குவார், ஒருவர் பதிவைத் திறந்துவைத்துவிட்டு போனில் பேசுவார், ஒருவர் கடினமான ஒரு விளக்கத்தைப் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து படிப்பார். கடைசியாகச் சொன்னவர்தான் உண்மையான வாசகர், இந்தக் கணக்கு அவரைத்தான் எழுந்து போனவராக எடுத்துக்கொள்கிறது.

ஊகம் கூர்மையாகும்போது இன்னொன்றும் நடக்கிறது, எனக்கு இதுதான் முக்கியம். டிஸ்கோர்ஸில் உறுப்பினர்களுக்கு நம்பிக்கை நிலைகள் உண்டு. புதிதாக வந்தவர் அடுத்த நிலைக்கு ஏற, இயல்பு அமைப்பின்படி குறைந்தது 5 திரிகளுக்குள் நுழைந்திருக்க வேண்டும், 30 பதிவுகளைப் படித்திருக்க வேண்டும், மொத்தம் 10 நிமிடம் வாசிப்பில் செலவிட்டிருக்க வேண்டும். எழுதுகிறவர்களுக்கு மட்டுமல்ல, பொறுமையாகப் படிக்கிறவர்களுக்கும் களம் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பது ஆட்வுட் வெளிப்படையாக முன்வைத்த வாதம். அதில் நியாயம் இருக்கிறது. பதிவுசெய்த மறுநொடியே விளம்பர இணைப்பைக் கொட்டிவிட்டு ஓடுகிறவர்களை இது உண்மையாகவே தடுக்கிறது, ஒரு வார்த்தையும் படிக்காமல் பதில் எழுதவரும் அவசரக்காரரையும் சற்று நிறுத்துகிறது. எனவே வாசிப்பை அளப்பதே பாவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு கணக்குகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம்பிக்கை நிலைக்கு வேண்டியது ஒரு கூட்டுத்தொகை, இத்தனை பதிவு, இத்தனை நிமிடம் என்பது மட்டும். விட்ட இடத்தைக் காட்ட வேண்டியது திரிக்கு ஒரு எண். இன்னார் இன்னார் பதிவின்மேல் எத்தனை விநாடி கண்ணை வைத்திருந்தார் என்ற விவரம் இந்த இரண்டு வேலைகளில் எதற்குமே நிரந்தரமாகத் தேவையில்லை. ஞாபகத்துக்குத் துணையாக வந்த ஒரு குறி, ஞாபகப்படுத்த வேண்டிய அளவைத் தாண்டி விவரம் சேர்த்தால், அந்த மிச்சம் யாருக்காக என்று கேட்க வாசகருக்கு உரிமை உண்டு.

குறியை சர்வரில் வைத்ததால்தான் இத்தனை வம்பு, பழையபடி வாசகரின் கணினியிலேயே வைத்துவிடலாமே என்று ஒருவர் கேட்கலாம். அது நடக்காது. காலையில் பேருந்தில் போனில் படிக்கிறோம், பகலில் அலுவலகக் கணினியில், இரவில் வீட்டு மடிக்கணினியில். மூன்றும் மூன்று கணக்கு வைத்தால் ஒரே பதிவை மூன்று முறை தள்ளிவிட வேண்டிவரும். நியூஸ்ஆர்சி தடுக்கிவிழுந்த இடமும் ஏறத்தாழ இதுதான். ஆனால் சர்வரில் வைத்தால் வாசகரின் பிடி போய்விடும் என்பதும் கட்டாயமில்லை, அதற்கு மின்னஞ்சலே சாட்சி. 1986இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்த ஐமேப் முறையில் கடிதமும் அதன் 'பார்த்தாயிற்று' கொடியும் சர்வரிலேயே இருக்கும், எந்தக் கருவியில் திறந்தாலும் ஒரே நிலை தெரியும். அதில் கவனமாகச் செதுக்கிய இரண்டு ஏற்பாடுகள் உண்டு. வாசகர் அந்தக் கொடியை எப்போது வேண்டுமானாலும் இறக்கிவிடலாம், கடிதம் மறுபடி படிக்காததாகிவிடும். இன்னொன்று 'பீக்', அதாவது எட்டிப்பார்ப்பது. மின்னஞ்சல் செயலி பட்டியலில் முதல் இரண்டு வரிகளைக் காட்டுவதற்காகவோ, ஆஃப்லைனில் படிக்கச் சேமித்துவைப்பதற்காகவோ கடிதத்தை இறக்கும்போது, கொடியைத் தொடாமல் இறக்கும்படி சர்வரிடம் கேட்கலாம். இயந்திரம் எடுத்துப் பார்த்தது வேறு, மனிதர் திறந்தது வேறு என்ற பாகுபாட்டை விதிமுறைக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். இன்றும் கோடிக்கணக்கான அஞ்சல்பெட்டிகள் இந்த வழியில்தான் இயங்குகின்றன. குறி எங்கே இருக்கிறது என்பதைவிட அது யாருக்குக் கட்டுப்படுகிறது என்பதே பெரிது.

அந்தக் குறி பிறர் கண்ணுக்குப் போகும்போது என்ன ஆகிறது என்பதற்கும் கைவசம் வரலாறு இருக்கிறது. ஊதா நிற இணைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசகருக்கு மட்டும் தெரிய வேண்டிய அந்த நிறத்தை, பக்கத்துக்குள் ஓடும் நிரல் கேட்டறிய முடிந்தது. ஆயிரம் இணைப்புகளைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்து, எவை ஊதா என்று பார்த்தால் ஆள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார் என்பது வெளிச்சமாகிவிடும். சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் பிரபலமான தளங்களைச் சோதித்து, சில டஜன் தளங்கள் இதை நிஜமாகவே செய்துகொண்டிருந்ததைக் கண்டார்கள். அதே ஆண்டு மோசில்லாவின் டேவிட் பேரன் முன்வைத்த திருத்தத்தை உலாவிகள் ஏற்றுக்கொண்டன. நிரல் நிறத்தைக் கேட்டால் இனி 'சொடுக்கப்படாதது' என்றே பதில் வரும், வாசகரின் கண்ணுக்கு மட்டும் உண்மை நிறம். 2012இல் இப்படி உளவு பார்த்த ஒரு விளம்பர நிறுவனத்தின்மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. மின்னஞ்சலிலும் இதே கதைதான். கடிதத்துக்குள் ஒரே ஒரு புள்ளியளவு படத்தை ஒளித்துவைத்து, அது இறங்கியதைக்கொண்டு 'திறந்துவிட்டார்' என்று எண்ணும் பழக்கம் பெருகியது. 2021இல் ஆப்பிள் தன் அஞ்சல் செயலியில் எல்லாப் படங்களையும், கடிதத்தைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும், பின்னணியிலேயே இறக்கிவைக்கும் வசதியைக் கொண்டுவந்து அந்த எண்ணிக்கையைப் பொருளற்றதாக்கியது.

குறி பிறர் கண்ணுக்குப் போகக் கூடாது என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எழுதியவருக்குத் தன் எழுத்து போய்ச் சேர்ந்ததா என்று அறிய ஆசை இருக்காதா, ஆஸ்பத்திரி அவசரத்தில் 'பார்த்துவிட்டார்' என்று தெரிந்தால் நிம்மதி இல்லையா? இருக்கிறது. 2014 நவம்பரில் வாட்ஸ்அப் புளூ டிக்கைக் கொண்டுவந்தபோது அது பலருக்குப் பயன்பட்டது உண்மை. ஆனால் அதன் பின்விளைவையும் நாம் அன்றாடம் பார்க்கிறோம். பதில் எழுத நேரமில்லாதவர் டிக் விழக்கூடாது என்று செய்தியைத் திறப்பதே இல்லை, அறிவிப்புப் பட்டையிலேயே படித்துவிட்டு விட்டுவிடுகிறார். அவருடைய பட்டியலில் அது படிக்காததாகக் கிடக்கிறது, அவரோ படித்துவிட்டார். குறி பிறருக்குச் சாட்சி சொல்லத் தொடங்கியதும் உரியவருக்கு ஞாபகப்படுத்துவதை நிறுத்திக்கொண்டது. எதிர்ப்பு எழுந்த சில நாள்களிலேயே வாட்ஸ்அப் அதை அணைக்கும் வசதியைக் கொடுத்தது, அணைத்தவர் பிறருடைய டிக்கையும் பார்க்க முடியாது என்ற நிபந்தனையோடு. பின்னர் 'படிக்காததாகக் குறி' என்ற வசதியும் வந்தது. அதை அழுத்தினால் உங்கள் பட்டியலில் புள்ளி திரும்பும், எதிரில் இருப்பவரின் நீல டிக் மாறாது. ஞாபகக் குறியும் அத்தாட்சியும் இரண்டு தனித்தனிப் பொருள்கள் என்பதை ஒப்புக்கொண்ட வடிவமைப்பு அது. அவசரத்துக்கு அத்தாட்சி வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், 'பார்த்தேன்' என்று ஒரு விரல் தட்டலில் சொல்ல எல்லாச் செயலிகளிலும் வழி இருக்கிறது. வாசிப்பைக் கண்காணித்து அதை எடுக்கத் தேவையில்லை. பொதுக் கருத்துக்களத்தில் இந்த மறுப்புக்கு இடமே குறைவு. அங்கே எழுதுபவர் ஊருக்கு எழுதுகிறார், குறிப்பிட்ட ஒருவரின் தோளைத் தட்டி அல்ல.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, 'எல்லாம் படித்தாயிற்று' பொத்தானை அழுத்திவிட்டுப் போகலாமே என்பவரும் உண்டு. அந்தப் பொத்தான் தேவையானது, யூஸ்நெட் காலத்திலேயே அதற்கு ஒரு கட்டளை இருந்தது. நூற்றுக்கணக்கில் குவிந்ததைப் பார்த்து மலைத்துப்போகிறவருக்கு விடுதலை தருவது அது. ஆனால் களங்களில் மிக எளிதாகக் கைதவறி அழுத்தப்படுவதும் அதுதான், திரும்பப் பெற முடியாததும் அதுதான். பிஎச்பி-பிபியில் அதை அழுத்தினால் உறுப்பினரின் முதல் கோடு இந்த நொடிக்கு நகர்கிறது, கீழிருந்த பிரிவுக் கோடுகளும் திரிக் கோடுகளும் அழிக்கப்படுகின்றன. எந்தத் திரியில் எது வரை படித்தோம் என்ற கணக்கு தரவுத்தளத்திலேயே இல்லாமல் போகிறது. டிஸ்கோர்ஸில் ஒரு திரியை மறுபடி படிக்காததாக்கும் தேர்வு உறுப்பினரின் விருப்பங்களுக்குள் இருக்கிறது, தேடி எடுத்து இயக்க வேண்டும். களம் நடத்துபவர்கள் இங்கே செய்யக்கூடியது பெரிய வேலையல்ல. பொத்தானை அழுத்தியதும் வரிகளை உடனே அழிக்காமல் ஒரு நாள் ஒதுக்கிவைத்து, முதல் கோட்டின் பழைய தேதியையும் அதோடு வைத்துக்கொண்டு, பக்கத்தின் மேலே 'திரும்பப் பெறு' என்று ஒரு இணைப்பைக் காட்டினால் போதும். அடுத்த நாள் வழக்கமான துப்புரவு வேலை ஓடும்போது அந்த வரிகளும் சேர்ந்து போய்விடும்.